தனியா வராது, செட்டாத்தான் வரும்

"தனியா வராது அண்ணே, செட்டாத்தான் வரும்." குமரி மாவட்டத்தில் களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை எந்த ஸ்பேர்ஸ் கடை கவுண்டரில் போய் நின்றாலும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் இந்தப் பதிலைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். கையில் வெடித்துப்போன ஒரு ரப்பர் வளையம் இருக்கும், இல்லையென்றால் தேய்ந்த நைலான் புஷ், உப்புக்காற்றில் அரித்துப்போன சர்க்ளிப் என்கிற பூட்டு வளையம். கடைக்காரர் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல் என்ன வண்டி, எந்த வருஷம், எந்த மாடல் என்று கேட்பார். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அந்த வளையம் உட்கார்ந்திருக்கும் முழு சாமானின் விலையைச் சொல்வார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருக்கு வருவதே அப்படித்தான். ஆனால் அந்தப் பதில் எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்திக்கொண்டிருந்தது. கையிலே இருக்கிற இந்த வளையத்தை ஒரு தொழிற்சாலை எங்கேயோ தனியாகத்தானே செய்தது? செய்யும்போது தனியாக இருந்த சாமான் விற்கும்போது மட்டும் எப்படித் தனியாக இல்லாமல் போகும்?

எங்களிடம் இருப்பது பழைய டாடா 407. இந்த மாடல் 1986-ல் வந்தது. திருவட்டாறு, குலசேகரம், அருமனைப் பக்கம் தோட்டப் பாதைகளில் இன்றைக்கும் ஏத்தன் (நேந்திரன்) வாழைக் குலையும் ரப்பர் ஷீட்டும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு ஓடுகிற பல வண்டிகள் இதே ரகம்தான். எட்டு வருஷம் தாண்டிய லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். அதனால் எங்கள் மாதிரி ஆட்களுக்கு வருஷத்தில் ஒரு மாசம் முழுக்க வண்டிக்கு அடியிலேயே போகும். பெரிய வேலைக்கு மேஸ்திரி வருவார். சின்ன வேலையெல்லாம் நானே செய்வேன். காசு மிச்சம் என்பது ஒரு காரணம்தான். சந்தை நாளுக்கு முந்தின ராத்திரி வண்டி நின்றுவிட்டால், வெட்டி வைத்த குலை பட்டறையின் வரிசைக்காகப் பழுக்காமல் காத்திருக்காது. அதுதான் முக்கியக் காரணம்.

வேலை செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கழற்றுவதும் மாட்டுவதும் இதில் பாதி வேலைகூட இல்லை. முக்கால் வேலை சாமானைத் தேடுவது. அதுவும் பெரிய சாமானைத் தேடுவது சுலபம். கிளட்ச் பிளேட் வேண்டுமா, பிரேக் லைனிங் வேண்டுமா, மார்த்தாண்டத்தில் காலையில் கேட்டால் மத்தியானத்துக்குள் கையில் இருக்கும். ஒரு விரலில் மாட்டிக்கொண்டு போகிற அளவு சாமான்தான் ஆளை அலைய வைக்கும்.

ஆடி மழையில் வந்த காற்று

போன ஆடியில் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. டீசலைக் கையால் ஏற்றுகிற கை பம்பை நாலு தடவை அடித்தால் பிடித்துக்கொள்ளும், அப்புறம் நாள் பூராவும் ஒரு தொந்தரவும் இல்லை. ராத்திரி நிறுத்தி வைத்தால் மறுநாள் மறுபடியும் அதே கதை. டீசல் வண்டி ஓட்டுகிற யாரிடம் சொன்னாலும் "ஏர் பிடிக்கிது" என்று சொல்லிவிடுவார்கள். எங்கே பிடிக்கிறது என்பதுதான் கேள்வி. டேங்கிலிருந்து, எஞ்சினுக்கு டீசல் தள்ளுகிற ஃபீட் பம்ப் வரை டீசலை உறிஞ்சித்தான் இழுக்கிறது. அந்தப் பகுதியில் ஓட்டை இருந்தால் வண்டி ஓடும்போது டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். சொட்டுகூடத் தெரியாது, துணியால் துடைத்துப் பார்த்தால் காய்ந்தே இருக்கும். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. பைப்பின் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப்பை வைத்துக் கட்டி, எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் ஓட்டை அதற்கு முன்னால், வராவிட்டால் பின்னால். அப்படி இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில் கடைசியில் அகப்பட்டது, ஃபீட் பம்பின் மேல் திருகியிருக்கும் கை பம்புக்கு அடியில் உள்ள ஒரு ரப்பர் வளையம். உருண்டையாக இருக்க வேண்டியது தட்டையாகி, பிளாஸ்டிக் மாதிரி விறைத்து, நகத்தால் கீறினால் தூளாக உதிர்ந்தது.

அந்த வளையத்துக்காகத்தான் அலைந்தேன். தக்கலையில் கேட்டேன், மார்த்தாண்டத்தில் கேட்டேன், எல்லா இடத்திலும் கை பம்பை முழுசாக எடுத்து வைத்தார்கள். ஒரு கடையில் "இதுக்குப் போயி ஏன் அண்ணே மெனக்கெடுறீங்க, முழு பம்பே வெலை கம்மிதான்" என்றார்கள். அது உண்மைதான். ஒன்றை வாங்கியும் மாட்டினேன், லோடு காத்திருந்தது. ஆனால் வண்டியோடு வந்த பழைய பம்ப் கனமான இரும்பு, அதன் மரை (திருகு வரி) இன்னும் கத்தி மாதிரி இருந்தது. புதுசாக வந்தது இலேசாக இருந்தது, அதன் கைப்பிடி சில வாரத்திலேயே ஆட ஆரம்பித்தது. நல்ல உடம்பைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒரு வளையத்துக்காக மட்டமான உடம்பை வாங்கி மாட்டுகிறோம் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. செட்டாக வாங்குவதில் இருக்கிற நஷ்டத்தை விலைச்சீட்டில் தேடினால் கிடைக்காது.

கோட்டாறில் ஒரு மேசை

கோட்டாறில் ஒரு சந்துக்குள் ஆயில் ஒழுகாமல் தடுக்கிற ஆயில் சீலும் பேரிங்கும் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. போர்டில் எந்த வண்டிக் கம்பெனியின் பெயரும் கிடையாது, அதனால்தானோ என்னவோ அத்தனை வருஷமாக அந்த வழியே போயும் உள்ளே நுழைந்ததில்லை. ஜே.சி.பி. ஓட்டுகிற ஒரு நண்பர்தான் அனுப்பினார். உள்ளே ஒரு மர மேசை, மேசை மேல் மில்லிமீட்டர் அளவு எடுக்கிற வெர்னியர், பின்னால் சுவர் முழுக்க சின்னச் சின்ன இழுப்பறைகள். எழுபது வயது இருக்கும் அண்ணாச்சிக்கு. நான் வளையத்தை மேசையில் வைத்துவிட்டு வழக்கம் போல "அண்ணாச்சி, 407 வண்டி, பழைய மாடல்" என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வண்டி எதுவா வேணாலும் இருக்கட்டும் மக்கா. இது எதுக்குள்ள கெடக்கு? டீசலா, எஞ்சின் ஆயிலா, பிரேக் ஆயிலா?"

டீசல் என்றேன்.

"சூடு தட்டுமா?"

எஞ்சின் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் பிளாக்கைத் தொடாது என்றேன்.

"சும்மா இருக்குமா, இல்ல உள்ள ஏதாவது ஓடுமா?"

சும்மா இறுக்கி வைத்ததுதான் என்றேன். அவ்வளவுதான் அவர் கேட்டது. வளையத்தை வெர்னியரில் வைத்தார். பழைய வளையம் அமுங்கிப் போயிருந்ததால் அந்த அளவை நம்பாமல், நான் கொண்டு போயிருந்த பழைய பம்பில் அது உட்காரும் பள்ளத்தின் விட்டத்தையும் அகலத்தையும் ஆழத்தையும் அளந்தார். ஒரு இழுப்பறையைத் திறந்தார், புத்தம் புது வளையம் ஒன்று மேசைக்கு வந்தது. ஒரு டீ குடிக்கிற காசுகூட ஆகவில்லை. ரெண்டாகக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன்.

சாமான் கிடைத்த சந்தோஷத்தைவிட அந்த மூன்று கேள்விதான் வீடு வரைக்கும் கூடவே வந்தது. நான் இத்தனை காலமும் கடை கடையாகச் சொல்லிக்கொண்டிருந்தது வண்டியின் பெயரை. வளையத்துக்கு அந்தப் பெயர் தெரியாது. அதற்குத் தெரிந்தது தன் உள்விட்டம், தன் தடிமன், தன்னைத் தொடுகிற திரவம், சூடு, அசைவு. அதற்கு மேல் அதற்கு ஒரு அடையாளமும் கிடையாது. ஜப்பான் தர அளவில் பி20 என்று ஒரு வளையம் இருக்கிறது என்றால் அது 19.8 மி.மீ. உள்விட்டம், 2.4 மி.மீ. தடிமன். அது லாரியில் இருந்தாலும் அதே, துணி ஆலையில் இருந்தாலும் அதே. ஸ்பேர்ஸ் கடையில் உட்கார்ந்திருப்பவர் வண்டிப் பெயரை வைத்துத்தான் தேட முடியும், அவர் கணக்கில் சாமான் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. அளவை வைத்து அடுக்கிய கடை வேறு. நாம் தப்பான கடைக்காரரிடமே கேட்டுக்கொண்டிருந்தோம், சரியான கடைக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பதே நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம், ஏனென்றால் ஐ.டி.ஐ. படித்த பையன்களிடம் கேட்டாலும் பலபேர் வண்டிப் பெயரில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

நம்ம ஊர் ரப்பர் இங்கே ஆகாது

டீசலா பிரேக் ஆயிலா என்று அண்ணாச்சி கேட்டதற்குக் காரணம் இருக்கிறது, குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். நாம் விடியற்காலையில் மரத்தை வெட்டிப் பாலெடுத்து ஷீட் அடிக்கிறோமே, அந்த இயற்கை ரப்பர் இழுவைக்கும் தேய்மானத்துக்கும் ராஜா. டயரில் அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் டீசலோ எஞ்சின் ஆயிலோ பட்டால் அது ஊறி, வீங்கி, கொழகொழவென்று ஆகிவிடும். சைக்கிள் டியூப்பை வெட்டி டீசல் லைனில் வாஷராகப் போடுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. அந்த ராத்திரி வீடு வந்து சேர அது உதவும். ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால் ஏன் மறுபடியும் ஒழுகுகிறது என்பது தெரியும். டீசலுக்கும் ஆயிலுக்கும் வேண்டியது நைட்ரைல் ரப்பர், கடையில் என்.பி.ஆர். என்று கேட்க வேண்டும், சுமார் 100 டிகிரி வரை தாங்கும். அதற்கும் மேலே சூடு போகிற இடமென்றால் 'விட்டான்' என்கிற ரப்பர், அது 200 டிகிரி வரை நிற்கும், விலையும் அப்படியே ஏறும். பிரேக் ஆயில் வேறு ஜாதி. நம் வண்டிகளில் ஊற்றுகிற டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைக்கால் என்கிற ரசாயன வகை, அதில் நைட்ரைல் போட்டால் வீங்கும், அங்கே இ.பி.டி.எம். ரப்பர் வேண்டும். அந்த இ.பி.டி.எம்.-மைக் கொண்டுபோய் டீசலில் போட்டால் அதுவும் வீங்கும். மூன்றுமே பெரும்பாலும் கறுப்புதான், மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரிக்க முடியாது. அதனால்தான் வளையத்தை டப்பாவில் கலந்து போடாமல், என்ன ரப்பர் என்று எழுதிய கவரிலேயே வைத்திருக்க வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

இதே மாதிரிதான் மற்ற சாமான்களும். ஆயில் சீலின் முதுகில் 35-52-7 என்று இருந்தால், உள்ளே ஓடுகிற தண்டு 35 மி.மீ., உட்காரும் துளை 52, அகலம் 7. அழுக்கைத் துடைத்து அந்த எண்ணைப் படித்துவிட்டால் வண்டிப் பெயர் தேவையே இல்லை. பேரிங்கில் 6203 என்று இருந்தால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12. ஆல்டர்னேட்டரிலும் அது இருக்கும், வீட்டுத் தண்ணீர் மோட்டாரிலும் இருக்கும், ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஸ்பேர்ஸ் கடை பூட்டியிருந்தால் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கேட்கலாம். பின்னால் சி3 என்று இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சூட்டில் விரிவதற்கு உள்ளே கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டது அது, வேகமாகச் சுற்றிச் சூடாகிற இடத்தில் சாதாரணத்தைப் போட்டால் சீக்கிரம் கத்த ஆரம்பிக்கும். போல்ட்டில்தான் குழப்பம் அதிகம், நாம் ஸ்பேனர் அளவில் 13 போல்ட் என்கிறோம், கடையில் அது 8 மி.மீ. போல்ட். அதிலும் மரையின் இடைவெளி 1.25 மி.மீ.-ஆ, 1 மி.மீ.-ஆ என்று பார்க்காமல் திருகினால் நல்ல ஓட்டையும் போய்விடும். ஒரு வெர்னியரும் ஒரு மரை கேஜும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என் டூல் பெட்டியில் ஸ்பேனருக்கு அடுத்தபடியாக அதிகம் எடுப்பது அவை ரெண்டும்தான்.

அளவில் யோசிக்க ஆரம்பித்த பிறகு மாவட்டமே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகப் பக்கம் விசைப்படகு சாமான் விற்கிற கடைகளைப் பாருங்கள். படகிலும் ஓடுவது டீசல் எஞ்சின்தான், கடல் தண்ணீரில் நிற்க வேண்டும் என்பதால் ஹோஸ் கிளிப் முதற்கொண்டு துருப்பிடிக்காத ஸ்டீலில் கிடைக்கும். கடலோர ரோட்டில் தினம் ஓடுகிற லாரிக்கு அதைவிட நல்ல கிளிப் எந்த லாரிக் கடையிலும் கிடையாது. குலசேகரத்துப் பக்கம் ஷீட் ரோலர் வேலை பார்க்கிறவர்களிடம் கிரீஸ் நிப்பிளும் தண்டில் செருகுகிற சாவியும் இருக்கும். பழைய ஆக்கர் (இரும்புக் கழிவு) கடையில் உடைத்துப் போட்ட வண்டியின் கதவுக் கைப்பிடியும், ஸ்பிரிங்கும், இன்றைக்கு யாரும் செய்யாத கிளிப்பும் இரும்பு எடைக்குக் கிடைக்கும். செம்பு வாஷருக்கு அலையவே வேண்டாம். பழையது மோசமாக அமுங்கியிருக்காவிட்டால் சிவக்கச் சுட்டு ஆறவிட்டால் மறுபடியும் இளகிவிடும், தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. செம்பு இரும்பு மாதிரி விறைக்காது. கியர் லிவருக்கு அடியில் வருகிற புஷ்ஷை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். அந்த லேத் அண்ணன் சொன்ன ஒன்றை இங்கே எழுதி வைக்க வேண்டும்: நைலான் ஈரத்தைக் குடித்துப் பருக்கும், நம்ம ஊர் மாதிரி ரெண்டு பருவமழையும் கொட்டுகிற இடத்தில் சரியான அளவுக்குக் கடைந்தால் ஐப்பசியில் இறுகிப் பிடிக்கும், கொஞ்சம் தளர்வு விடணும், இல்லாவிட்டால் ஈரத்தை அவ்வளவாகக் குடிக்காத டெல்ரின் பிளாஸ்டிக்கில் செய்யணும். இந்த மாதிரி விஷயமெல்லாம் எந்த பார்ட்ஸ் கேட்லாக்கிலும் கிடையாது.

செட் என்கிற கணக்கு

சரி, அப்படியென்றால் கம்பெனிகள் ஏன் தனியாகத் தருவதில்லை? ஆயிரம் சாமானுக்கு ஆயிரம் எண் போட்டு, பெட்டி போட்டு, குடோனில் வைப்பது செலவுதான், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செலவு மட்டும் காரணம் இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. உதிரிபாகங்களையும் ரிப்பேர் கையேடுகளையும் வெளிச்சந்தைக்கு விடாமல் தங்கள் டீலர்களுக்குள்ளேயே கட்டிவைத்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளமே தொடங்கியது, அதில் வாகனமும் விவசாயக் கருவியும் சேர்த்திருக்கிறார்கள். நல்ல ஆரம்பம். ஆனால் எனக்கு வேண்டியது அதைவிடச் சின்னது: அசெம்பிளியின் படத்துக்குக் கீழே ஒவ்வொரு வளையத்துக்கும் சீலுக்கும் அளவையும் ரப்பர் வகையையும் அச்சடித்தால் போதும். விற்கக்கூட வேண்டாம், அளவைச் சொன்னால் நாங்கள் தேடிக்கொள்வோம்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாவற்றையும் அளந்து மாட்டிவிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் நான் இந்த வேலையைச் செய்வதில்லை. வீல் சிலிண்டர் ரப்பர் கிட் அந்த வண்டிக்கென்று வந்ததைத்தான் போடுவேன், அது கிட்டாகவே கிடைக்கவும் செய்கிறது. ஸ்டியரிங் பால் ஜாயிண்ட் ஆடினால் முழுசாக மாற்றுவேன், அங்கே செட்டாக வருவதுதான் சரி. போல்ட்டின் தலையில் 10.9 என்று இருந்த இடத்தில் 8.8 போடக் கூடாது, அளவும் மரையும் அச்சாகப் பொருந்தினாலும் தாங்குகிற பலம் வேறு. கோட்டாற்று அண்ணாச்சியிடமே ஒரு தடவை பிரேக்குக்கு ஒருவர் வளையம் கேட்டு வந்தபோது, "இதை நான் தர மாட்டேன், கிட் வாங்கிப் போடுங்க" என்று திருப்பி அனுப்பியதை நானே பார்த்தேன். விற்கத் தெரிந்தவர் எதை விற்கக் கூடாது என்பதும் தெரிந்தவராக இருக்கிறார். போனில் ஆர்டர் போட்டால் இது எதுக்குள்ள போகுது என்கிற கேள்வியை நம்மிடம் யார் கேட்பார்கள்? அண்ணாச்சியின் மகன்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், கடையை எடுத்து நடத்த ஆள் இல்லை என்று சொன்னார். அந்த இழுப்பறைகளில் எது எங்கே என்பது எழுத்தில் இல்லை, எல்லாம் அவர் கையில்தான். நான் போகிற போதெல்லாம் ஒரு நோட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிக்கொள்கிறேன், அவரும் பொறுமையாகச் சொல்கிறார்.

இப்போது தேடிக்கொண்டிருப்பது ஸ்பீடோமீட்டர் கேபிளைச் சுற்றுகிற சின்ன நைலான் பற்சக்கரம். இதற்கு வெர்னியர் மட்டும் போதவில்லை. விட்டம் தெரிந்தால் ஆகாது, பல் எத்தனை, சரிவு எவ்வளவு, எந்தப் பக்கம் சரிகிறது எல்லாம் சரியாக வேண்டும், பழையதில் பாதிப் பல்லே இல்லை. கடைகளில் வழக்கமான பதில்தான், கேபிளோடு செட்டாக வருமாம், அதுவும் புது மாடலுக்குத்தான். ஆக்கர் கடையில் ஒன்று கிடைத்தது, ஒரு பல் கூடுதலாக இருந்தது, போட்டால் மீட்டர் தப்பாகக் காட்டும். நாகர்கோவிலில் பல் வெட்டுகிற மெஷின் வைத்திருக்கிற பட்டறை ஒன்றில் பேசியிருக்கிறேன். அதை ஓட்டுகிற தண்டையும் கழற்றிக் கொண்டுவந்தால் ரெண்டையும் சேர்த்து வைத்து அளந்து டெல்ரினில் வெட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஏத்தன் வெட்டு முடிந்ததும் கியர் பாக்ஸ் பக்கம் கை வைக்க வேண்டும்.